ஏடு படியாத குழாய்

மார்ச் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை, மருத்துவமனையின் கீழ்த்தளத்து ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் புதிய ரசாயனப் பெட்டிகள் வந்து இறங்கின. பெட்டி மாறும்போதெல்லாம், இயந்திரம் ஒழுங்காக அளக்கிறதா என்று பார்க்க, ஊழியர்களில் ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தை ஓட்டிப் பார்ப்பது அங்கே வழக்கம். அந்த ஒருவன், எல்லோரும் ‘ஊசி’ என்று கூப்பிடுபவன்தான் எப்போதும். கிளைகளிலிருந்து மாதிரிகளை பைக்கில் கொண்டுவருபவன். ஹேங்கரில் மாட்டிய சட்டை மாதிரி இருப்பான்.

“என்னுத எடுங்கக்கா. உங்களுத ஊத்தினா மெஷின்ல எண்ணெய்ப் பிசுக்கு புடிச்சிக்கும்.”

கூடத்தின் பரிசோதகர் பருமனானவள்; உட்கார்ந்தால் நாற்காலி முனகும். “வாய மூடிட்டு கைய நீட்டு,” என்றாள்.

ரத்தம் எடுத்து இயந்திரத்தில் சுழற்றிய குழாயை வெளிச்சத்தில் பிடித்தாள். மேலே இளமஞ்சளாகத் தெளிந்து நிற்க வேண்டிய நீர் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தது. போன முறையும் இப்படித்தான். வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்திருப்பான் என்று கொட்டிவிட்டு வேறொருவரிடம் எடுத்திருந்தாள். இந்த முறை கை குப்பைத்தொட்டிவரை போய் நின்றது.

“காலைல என்ன சாப்ட்ட?”

“பச்சத்தண்ணி பல்லுல படல. நீங்கதானே வெறும் வயித்துல வரச் சொன்னீங்க?”

ரத்தக்கொழுப்பு அளவு திரையில் சிவப்பாக வந்தது. ரசாயனத்தைச் சந்தேகித்துத் தன் ரத்தத்தையே எடுத்து ஓட்டினாள். எல்லாம் வரம்புக்குள். அவளுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது.

“ஒல்லியா இருக்கறவனுக்கு ஏதுக்கா கொழுப்பு?”

“வாய்ல மட்டும்தான்னு நெனச்சேன். உங்கப்பா எப்படி இருப்பாரு?”

“என்ன மாதிரியேதான். படி ஏறும்போது நெஞ்சப் புடிச்சிட்டு உக்காந்தவருதான், எந்திரிக்கல. அப்ப வயசு நாப்பத்தொண்ணு.” அவனுக்கு வரும் மாதம் முப்பத்தொன்பது. சட்டென்று குரலை மாற்றினான். “வர்ற வழியில டீயும் பன்னும் சாப்ட்டேன்னு நெனைக்கிறேன். விடுங்க.”

எது பொய்? படிக்கும் காலத்தில் அவள் கேள்விப்பட்ட பழைய சோதனை ஒன்று உண்டு. மேலே நிற்கும் நீரை மட்டும் வேறு குழாயில் பிரித்து, ராத்திரி முழுக்கக் குளிர்பெட்டியில் அசையாமல் வைக்க வேண்டும். தின்ற கொழுப்பானால் பாலில் படிவதுபோல் ஏடாக மேலே மிதக்கும், கீழே தெளியும். உடம்பே உற்பத்தி செய்வதானால் அடிவரை கலங்கியே நிற்கும். இப்போது யாரும் அதைச் செய்வதில்லை. அவளும் செய்து பார்த்ததில்லை.

“நாளைக்கு ஏடு படிஞ்சிருந்தா உன்ன விட்டுடறேன். இல்லன்னா நேரா மாடிக்கு, இதய டாக்டர்கிட்ட.”

“பந்தயமா?”

“பந்தயம்தான்.”

மறுநாள் அவன் அவளுக்கு முன்பே வந்து குளிர்பெட்டி அருகே நின்றிருந்தான். இருவரும் குனிந்தார்கள். ஏடு இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே வெள்ளை. அவன் ஜன்னலருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இன்னும் கொஞ்ச நேரம் வச்சா படியுமாக்கா?”

அவள் குழாயை வாங்கிக்கொண்டாள்.

அன்று இரண்டு கிளைகளின் மாதிரிகள் தாமதமாக வந்தன. ஊசி இரண்டாம் மாடியில், மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு, கூப்பிடுவதற்காக உட்கார்ந்திருந்தான்.