பங்கு வைத்த மாத்திரை

1.

இக்கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். எழுபதுகளின் கூலிப் போராட்டங்கள் குறித்த என் ஆய்வுக்காகச் சீர்காழிப் பக்கம் நீலாம்பாளைச் சந்தித்தேன்; நடவுப் பெண்களுக்குத் தலைவியாக இருந்தவர். "கூலிய மட்டுமா தம்பி, மாத்திரையக்கூடப் பங்கு வச்சுத் தின்னோம்" என்றார். ஆய்வேட்டில் அவ்வாக்கியத்துக்கு இடமில்லை. மீதியை நானே புனைகிறேன்.

2.

முதல் தொடக்கம்: 'காவிரி சோம்பி நகர்ந்த அவ்வாண்டில் அம்சவல்லியின் உடலும்…'

(கைவிட்டேன். ஆற்றை உடலுக்கு உவமையாக்குவது எங்கள் துறையின் கெட்ட பழக்கம்.)

இரண்டாம் தொடக்கம்: நடவு என்பது பின்னோக்கி நகரும் வேலை. பன்னிரண்டு பெண்கள் குனிந்து நாற்றை ஊன்றி ஊன்றிப் பின்வாங்குவார்கள். பிந்துகிறவள் எல்லோருக்கும் முன்னால் தனியே நின்றுவிடுவாள். குறுவை நடவில் அம்சவல்லி அப்படித்தான் நின்றாள். முகம் ஊதியிருந்தது, குரல் கரகரத்தது, ஆனி வெயிலிலும் அவளுக்குக் குளிரெடுத்தது.

"சர்க்காரு சட்டம் போட்ட கூலி வேணுங்குறீங்க. இந்தத் தூங்குமூஞ்சிக்கும் அதேதானா?" என்றார் பண்ணையின் காரியக்காரர் தங்கையன்.

"கொடைய விரிச்சுக்கிட்டு நிக்கிறதுக்கு ஒங்களுக்கு முழுச் சம்பளந்தானுங்களே" என்றார் நீலாம்பாள்.

வரிசை சிரித்தது. தங்கையன் சிரிக்கவில்லை. குறுவை அறுத்தபின் வரும் தாளடி நடவிலும் இவள் பிந்தினால் வரிசையில் இவளுக்கு இடமில்லை என்றார்.

3.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் மெஹராஜ் பேகம் அம்சவல்லியை நாற்காலியில் மண்டியிடச் சொல்லி, குதிகாலுக்கு மேலே சிறு சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளியது, திரும்பி வரத்தான் யோசித்தது.

"சோம்பேறித்தனம் இல்லம்மா இது. கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி. ஒடம்புக்குள்ள அடுப்பு எவ்வளவு வேகமா எரியணும்னு அது சுரக்குற ஹார்மோன்தான் சொல்லும். ஒங்களுக்குச் சரியா சுரக்கல."

அம்சவல்லி அழுதாள். ஐந்து வருடங்களாக ஊர் திட்டியதைவிட அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டதுதான் அதிகம்.

(இடைக்குறிப்பு: நெடுங்காலம் வாழ்ந்தோர் குடும்பங்களில் இச்சுரப்பி சற்றே நிதானமாக இயங்குவதைச் சில ஆய்வுகள் கண்டிருக்கின்றன. 'மெல்ல எரியும் சுடரே நெடுநேரம்…' என்று எழுதத் தொடங்கி நிறுத்தினேன். நிதானம் வேறு, குறைபாடு வேறு. சுரப்பு போதாத உடலில் இதயமும் தளரும், ஆயுளும் குறையக்கூடும். அவள் நோயை அழகாக்கும் உரிமை எனக்கில்லை.)

4.

தினம் காலையில் ஒரு மாத்திரை, வெறும் வயிற்றில், ஆயுள் முழுக்க. இரண்டு மாதத்தில் முக வீக்கம் வடிந்தது. களையெடுப்பில் அவள் கை முந்தியது.

"என்னக்கா, கொமரி மாதிரி ஓடுற. எனக்கும் அசதியாத்தான் இருக்கு, ஒண்ணு குடேன்" என்றாள் பக்கத்தில் களையெடுத்த செவ்வந்தி.

நடவு வரிசையில் ஒருத்தி மடியிலிருக்கும் வெற்றிலை எல்லோருக்கும் பொது. மறுப்பது எப்படி என்று அம்சவல்லிக்குத் தெரியவில்லை. அந்த வரிசையில் யாருக்குமே தெரியாது. அடுத்த மூன்று மாதத்துக்கென்று வாங்கிய பொட்டலம் மூன்றே வாரத்தில் தீர்ந்தது. நீலாம்பாள் தினம் இரண்டு விழுங்கினார். கூலிப் போராட்டக் கூட்டத்துக்கெல்லாம் அலைபவர் அல்லவா. அவருக்கு நெஞ்சு படபடத்தது, விரல்கள் நடுங்கின. போலீஸ் வருமென்ற பயம் என்று எண்ணிக்கொண்டார். தலைவி பயப்படுவதை யாரிடம் சொல்வது?

அம்சவல்லியோ மறுபடி ஊதினாள், மந்தமானாள். இருவரும் சேர்ந்தே தஞ்சாவூர் போனார்கள்.

"இது என்ன வெத்தலையா, மடியில வச்சுப் பங்கு போட?" என்றார் டாக்டர். நீலாம்பாள் மாத்திரையைத் தொடக்கூடாது, இரண்டு வாரம் வயலில் இறங்கக்கூடாது. அம்சவல்லிக்குப் புதிய பொட்டலம்; ஆனால் வேகம் திரும்பச் சில வாரங்களாகும்.

மறுநாள் தாளடி நடவு.

5.

முடிவு ஒன்று: அவளைச் சாக்காக வைத்துத் தங்கையன் மற்றவர்களின் கூலியையும் குறைக்காதிருக்க அம்சவல்லி வரப்பிலேயே நின்றுவிடுகிறாள். (தியாகம் எழுதுகிறவருக்கு மலிவு, பட்டினி கிடப்பது அவள்.)

முடிவு இரண்டு: வரிசை முழுவதும் அவள் வேகத்துக்கு இறங்குகிறது, தங்கையன் தலை கவிழ்ந்து… (இது மேடைப் பேச்சு. அத்தனை பேர் வீட்டிலும் உலை காத்திருக்கிறது.)

எனக்கு உறுதியாகத் தெரிவது இவ்வளவுதான்: விடிந்துவிட்டது. தங்கையன் வந்துவிட்டார். அம்சவல்லி சேற்றில் இறங்கிவிட்டாள்.

"ஒரு ஆளு கொறையுதே" என்கிறாள் செவ்வந்தி.

அம்சவல்லிக்கு வலப்பக்கம், நீலாம்பாளின் இடம் காலியாக இருக்கிறது. வாசகரே, இந்த நாற்றுமுடியை வாங்கிக்கொள்ளுங்கள். குனியுங்கள். நீங்கள் எந்த வேகத்தில் பின்வாங்குகிறீர்களோ, அவள் கைக்கு எட்டாத நாற்றுக் குத்துகளில் எத்தனையை நீங்கள் ஊன்றுகிறீர்களோ, அதுதான் முடிவு.