சம்பந்தியம்மா பையில் இருந்த கத்தி

கப்பல் துறைச் சோதனைக் கூடத்தில் ஓடும் பட்டைமேல் ஊர்ந்துகொண்டிருந்த பைகளில் ஒன்று மட்டும் நின்றுவிட்டது. சம்பந்தியம்மாவின் துணிப்பை அது.

"யாரோட பை?" என்றாள் சீருடைப் பெண்.

"என்னுதும்மா. ஆரஞ்சுப் பழமும் மாத்திரையும்தான்."

பின்னால் நின்ற மருமகளின் அப்பா, கேட்டுக்காரர், நெஞ்சை நிமிர்த்தினார். "பயப்படாதீங்க சம்பந்தியம்மா. நம்ம மடியில கனமில்ல."

சொல்லி வாய் மூடவில்லை, திரையில் அது தெரிந்தது. பழத் தோலுக்கு நடுவே, மடக்கிய ஒரு கத்தி. அவர் கை தானாக இடுப்புக்குப் போனது. சட்டைக்கு உள்ளே, பெல்ட்டில் தொங்கும் தோல் உறை காலியாக இருந்தது.

முப்பது வருஷம் ஒரு ஆலையின் வாசலில் பிறர் பையைத் துழாவியவர் அவர். அதனால்தான் உற்றார் உறவுக்கெல்லாம் கேட்டுக்காரர். வேலை முடிந்து வெளியே வருகிறவனைப் பார்த்து, "சட்டையைத் தூக்கு" என்பார். தூக்கியவன் அப்படியே நிற்க, அடுத்தவனிடம் போய்விடுவார். "யாரோ என் பையில போட்டுட்டாங்க ஐயா" என்று அழுதவர்களில் ஒருவரைக்கூட அவர் நம்பியதில்லை. பையில் இருந்தால் பைக்காரன் பொறுப்பு. அது அவருக்கு வேதவாக்கு.

மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு இரண்டு குடும்பமும் சேர்ந்து போகிற முதல் பயணம் இது. பேச்செடுத்த நாளிலிருந்து அவர் யாரையும் நிம்மதியாக விடவில்லை. மாப்பிள்ளையின் சாவிக்கொத்தில் சுண்டுவிரல் அளவில் ஒரு கருவி, கத்தரியும் திருப்புளியும் மடித்து வைத்தது. அதைக்கூடக் கழற்றி வீட்டில் வைக்கச் சொன்னார். "எங்க குடும்பத்து ஆளை எந்த வாசல்லயும் நிறுத்தினது கிடையாது மாப்பிள்ளை. என்னால அந்தப் பேரு வந்ததில்ல, உங்களால வரலாமா?" சம்பந்தியம்மாவும், "டேய், மாமா சொல்றதைக் கேளு" என்று ஒத்து ஊதினாள்.

எல்லார் பையையும் கொட்டிக் கவிழ்த்துப் பார்த்தவர் தன் இடுப்பைப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவுமில்லை, கையும் காலும் போல அந்தக் கத்தியும் அவர் உடம்போடு இருந்தது. வழியில், காரின் முன்சீட்டில் உட்கார்ந்து அந்தக் கத்தியால் ஆரஞ்சு உரித்து, பின்சீட்டில் இருந்த சம்பந்தியம்மாவுக்கு நீட்டினார். தோலைக் காகிதத்தில் சுருட்டும்போதே வண்டி நின்றுவிட்டது. அவசரத்தில் எல்லாவற்றையும் அள்ளி அவள் பையில் போட்டார். கத்தியும் கூடவே போயிருக்கிறது.

"இவ்வளவு நீளக் கத்தியைக் கப்பல்ல ஏத்த முடியாது," என்றாள் சீருடைப் பெண். "ஒளிச்சு வேற கொண்டுவந்திருக்கீங்க. கொண்டுவந்தவங்க இன்னிக்குக் கப்பல் ஏற முடியாது."

சம்பந்தியம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. "சத்தியமா எனக்குத் தெரியாதும்மா! யாரோ போட்டிருக்காங்க."

அந்த வார்த்தை கேட்டுக்காரர் செவியில் ஈயமாக இறங்கியது. 'என்னுது' என்று ஒரு சொல் போதும். ஆனால் வரிசை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. மகள் திரும்பினாள். சிறு வயதில் அந்தக் கத்தியால்தான் அவளுக்குப் பென்சில் சீவிக் கொடுப்பார். அவளுக்குத் தெரியாததா? அவள் அவர் இடுப்பைப் பார்த்தாள்.

அவள் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை முன்னால் வந்துவிட்டான். "கத்தி என்னுதுங்க. நான்தான் அம்மா பைல வெச்சேன்."

"அடப்பாவி!" சம்பந்தியம்மா அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். "மாமா படிச்சுப் படிச்சுச் சொன்னாரே! மானத்தை வாங்கிட்டியேடா!"

கேட்டுக்காரர் ஒரு அடி முன்னால் வைத்தார். "இல்ல," என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னார். "இல்ல. அது என்னுது."

சம்பந்தியம்மா கண் கலங்கிப் போனாள். "பாத்தியாடா பெரிய மனுஷனை! உனக்காகப் பழியைத் தன் தலையில போட்டுக்கறார். உனக்கு வாய்ச்ச மாமனார் சாமிடா!"

"ஐயோ, நிஜமாவே என்னுதும்மா!"

"ஐயா, தள்ளி நில்லுங்க," என்றாள் சீருடைப் பெண். "ஆளாளுக்கு என்னுது என்னுதுன்னு வர்றதுக்கு இங்க ஏலமா நடக்குது? தம்பி, நீங்க இந்தப் பக்கம் வாங்க."

மாப்பிள்ளை போகிறபோக்கில் காதோரம் குனிந்தான். "விடுங்க மாமா. உங்க மரியாதை முக்கியம். நான் வீட்டுக்குப் போயிடறேன்."

மரியாதை! இத்தனை வருஷம் கட்டிக் காத்தது இதைத்தானா? உண்மையைச் சொன்னாலும் பொய் என்கிறார்களே! பேசாமல் இருந்துவிட்டால் போதும், சாமி என்ற பெயரோடு கப்பலேறலாம். பிறகு மகள் முகத்தில் எப்படி விழிப்பது? மாப்பிள்ளையின் முதுகு ஓரத்திலிருந்த விசாரணை அறையின் கதவை நெருங்கிவிட்டது.

கேட்டுக்காரர் சட்டையைத் தூக்கினார்.

நெஞ்சு வரை தூக்கினார். தளர்ந்த வயிறும், பெல்ட்டும், அதில் வாய் பிளந்து தொங்கிய காலி உறையும் வரிசை முழுவதற்கும் தெரிந்தன. "போட்டுப் பாரும்மா," என்றார். "அந்தக் கத்தியை இதுல போட்டுப் பாரு."

சீருடைப் பெண் கத்தியை உறையில் செருகினாள். அது பழகின வீட்டுக்குள் போவதுபோல் போய் உட்கார்ந்துகொண்டது. பிறகு உறையோடு கழற்றி எடுத்துக்கொண்டு, மாப்பிள்ளையைப் பார்த்து, "நீங்க போகலாம்," என்றாள்.

சம்பந்தியம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மெல்லக் கேட்டாள். "இதைச் சொல்றதுக்கு இவ்வளவு நேரமா அண்ணா?"

"நீங்க எல்லாரும் போங்க," என்று மட்டும் சொன்னார். மாப்பிள்ளை தயங்கினான். மகள் அவன் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். பயணம் கிளம்பினால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சொன்னது நினைவிருந்து பார்க்கவில்லையா, பார்க்கப் பிடிக்காமல் பார்க்கவில்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது.

வரிசை நகர்ந்தது. பின்னால் வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"ஐயா," என்றாள் சீருடைப் பெண், இப்போது தணிந்த குரலில். "சட்டையை இறக்கிக்கோங்க."