இரண்டு விரற்கடை

பெரும்பாக்கம் குடியிருப்பில் தொண்ணூற்று நாலாம் பிளாக்குக்குக் கீழே, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு நான்கு பேர் இருந்தார்கள். கிறிஸ்டினா, நடு ஸ்டாண்டு போட்ட தன் ஸ்கூட்டரின் மேல், வேலைக்குக் கிளம்புகிறவளைப் போல ஹாண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவின் மேல் வேதாசலம். ஓடாத லிஃப்டின் வாசலில் அவள் புருஷன் சின்னப்பன், டியூட்டி முடிந்து வந்தவாக்கில், செக்யூரிட்டிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் குந்தியிருந்தான். நாலாவது ஆள் செல்லியம்மாள். படிக்கட்டுக்குப் பக்கத்தில் இட்லிக் குண்டானை இறக்கிவைத்துவிட்டு அதற்குப் பின்னால் பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். நடக்கப்போகிற வேலையில் அவளுக்குப் பங்கு எதுவும் இல்லை. ஆனால் அவள் வாயில் விழாமல் அந்தப் பிளாக்கில் ஒரு வேலையும் நடந்ததில்லை.

"ஞாயித்துக்கெழம அதுவுமா கோயிலுக்குப் போவாம வண்டி மேல குந்திகினு கீறியே, இன்னா கிறிஸ்டினா, ஊர்வலமா?"

"வண்டிக்குக் கண்ணாடி மாட்டறோம்க்கா."

"கண்ணு கெட்டது ஒனக்கு. கண்ணாடி வண்டிக்கா?"

கிறிஸ்டினா சிரித்தாள். சிரித்தால் இடது கண் வலித்தது. வெற்றிலைச் சாறு தெளித்ததுபோல அந்தக் கண் சிவந்து கிடந்தது. ஐந்து வருடமாக மேடவாக்கத்தில் பார்சலை ஏற்றிக்கொண்டு, கீழ்க்கட்டளை ஒரு நாள், வண்டலூர் ஒரு நாள் என்று ஓட்டியதில், காற்றும் புழுதியும் பட்டுப்பட்டு மூக்கோரத்திலிருந்து ஒரு சதை வளர்ந்து கருவிழி வரைக்கும் வந்துவிட்டது. போன திங்கட்கிழமை கவர்மெண்டு கண் ஆஸ்பத்திரியில் அதை வெட்டி எடுத்தார்கள். ஆறு வாரத்துக்குக் கண்ணில் காற்றுப் படக்கூடாது என்று டாக்டரம்மா சொன்னாள்.

"பட்டா இன்னா மேடம் ஆவும்?"

"திரும்ப வளரும். இந்தத் தடவை பார்வையை மறைக்கிற வரைக்கும் வளரும்."

கம்பெனிக்கு வேறு ஒரு கணக்கு இருந்தது. தொடர்ந்து பத்து நாள் வராதவர்களின் ஐடி தானாகவே அழிந்துவிடும். இன்றோடு ஏழு நாள் ஆகிவிட்டது. ஐடி ஒரு தடவை போனால், முப்பத்தெட்டு வயதில், அதுவும் ஒரு பெண்ணை, புதிதாகச் சேர்த்துக்கொள்ள யாரும் காத்துக்கொண்டிருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைப் போட்டு, ஹெல்மெட்டின் கண்ணாடியையும் இறக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தாள். மோவாய்க்குக் கீழே நுழைந்த காற்று உள்ளேயே சுழன்று ஊசியாகக் குத்தியது. சின்னப்பன் வேதாசலத்திடம் போய் நின்றது அதன் பிறகுதான்.

வேதாசலம் அடுத்த பிளாக். தாம்பரத்தில் பெயர்ப்பலகை செய்கிற பட்டறையில் பிளாஸ்டிக் எழுத்து வெட்டுகிறவர். பழைய சாமான் விற்கிற சேட்டு கடையில் சொல்லிவைத்து, பெரிய பைக்கிலிருந்து கழற்றிய ஒரு காற்றுத் தடுப்புக் கண்ணாடியை வாங்கிவந்திருந்தார். கண்ணாடி என்று பேர்தானே தவிர, தடித்த பிளாஸ்டிக். ஸ்கூட்டரில் வைத்துப் பார்த்தால் கிறிஸ்டினாவின் நெற்றியைத் தாண்டி ஒரு சாண் நின்றது.

"முதுக நிமித்துமா. ஊட்டுக்காரன் கிட்ட கோவிச்சிகினு குந்தற மாதிரி இல்ல. ரோட்டுல குந்தற மாதிரி குந்து."

"ரோட்டுலயும் இப்பிடித்தான்ணா குந்துவேன்."

"சரி, நேராப் பாரு. விளிம்பு மூக்கு நுனிக்கு நேரா நிக்கணும். கண்ணு மேல வழியாப் பாக்கணும், காத்து கண்ணுக்கும் மேல தாவிப் போவணும். கண்ணுக்கு நேரா விளிம்பு வந்திச்சி, ரோடு ரெண்டா ஒடஞ்சிடும். அப்பறம் லாரி எது, நெழலு எதுன்னு தெரியாது."

மார்க்கர் பேனாவால் மூக்குக்கு நேரே ஒரு புள்ளி வைத்தார். சின்னப்பன் எழுந்து நின்றான்.

"அண்ணா, சீட்டுக்குப் பின்னாடி பார்சல் பை மாட்டுவாளே. எடுத்தாரட்டுமா?"

"எங்க கீது?"

"மேல. நாலாவது மாடி."

வேதாசலம் லிஃப்டைப் பார்த்தார். அதன் கதவில் எட்டு மாதத்துக்கு முன்பு ஒட்டிய காகிதம் மங்கிப்போயிருந்தது.

"பை எதுக்குடா? அது முதுகுக்குப் பின்னாடிதான கீது, மூஞ்சிலயா கீது? ராத்திரியெல்லாம் நின்னுட்டு வந்துருக்க. குந்து."

சின்னப்பன் மறுபடி குந்தினான்.

வெட்டப்போகிற இடத்தில், கண்ணாடியின் உள்ளேயும் வெளியேயும், வேதாசலம் காகித டேப்பை ஒட்டினார். வளைவுக்கு ஒரு தட்டின் விளிம்பை வைத்து அதன்மேல் கோடு வரைந்தார். கண்ணாடியைச் சிமெண்டுத் திண்டின் மேல் சாக்கு விரித்துக் கிடத்தி, மேலே ஒரு பலகை வைத்து, சின்னப்பனை அதன்மேல் முழங்கால் ஊன்றி அழுத்தச் சொன்னார். பொடிப்பல் ரம்ப பிளேடு ஒரு முனையில் இறங்கியது. நாலு இழுப்புக்கு ஒரு தடவை கிறிஸ்டினா சொம்பிலிருந்து தண்ணீர் விட்டாள். விடாவிட்டால் சூட்டில் பிளாஸ்டிக் உருகி, வெட்டிய இடமே பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். தண்ணீர் விட்டும் தீய்ந்த நாற்றம் வந்தது.

"இன்னாயா, என் இட்லியெல்லாம் டயரு வாசன அடிக்குது" என்றாள் செல்லியம்மாள்.

"அப்பவாச்சும் ஒரு வாசன வரட்டும்க்கா" என்றார் வேதாசலம், தலை நிமிராமல்.

முக்கால் மணி நேரம் ஆனது. வெட்டிய துண்டு பிறைபோலக் கழன்று விழுந்தது. விளிம்பை அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். தேய்த்த இடம் வெள்ளையாக, பனி படர்ந்ததுபோல ஆனது. நான்கு போல்ட்டையும் முடுக்கியபின் கிறிஸ்டினா ஏறி உட்கார்ந்தாள். விளிம்பு மூக்கு நுனிக்கு நேராக நின்றது. வேதாசலம் ஒரு அட்டையால் எதிரிலிருந்து விசிறினார்.

"படுதா?"

"படல."

"அவ்ளோதான். மூணு இட்லி வைக்கா."

மறுநாள் காலை ஏழு மணிக்கு, காலிப் பையை வண்டியில் மாட்டிக்கொண்டு மேடவாக்கம் போனாள். விளிம்பு நேற்றைவிடச் சற்று மேலே தெரிந்தது. புதிதாக மாட்டியதால் அப்படித் தெரிகிறது போலும் என்று முதுகை நிமிர்த்திக்கொண்டாள். காற்று தலைக்கு மேலே போனது. பாலத்தில்கூடக் கண்ணில் நீர் வரவில்லை. ஏழு நாளில் முதல் தடவையாக அவளுக்குப் பசித்தது.

பார்சல் கிடங்கில் டீம் லீடர் பக்தவச்சலம் அவளைப் பார்த்ததும், "வந்துட்டீங்களாக்கா, நல்லது. உங்க பேரு சிவப்புல வர ஆரம்பிச்சிடுச்சு" என்றார். நாற்பத்தாறு பார்சல் கொடுத்தார். அரிசிமாவு, ஷாம்பு, ஒரு மிக்ஸி, கீழே இரண்டு டம்பெல். பை நிறைந்ததும் வண்டியின் பின்பக்கம் அமுங்கித் தாழ்ந்தது.

பார்சல் ஏற்றியபிறகு போட்டோ எடுக்க வேண்டும். திங்கட்கிழமைக்குத் திங்கட்கிழமை எல்லோருக்கும் உண்டு. பை பின்னால் இருக்க வேண்டும், ஆள் வண்டியில் உட்கார்ந்திருக்க வேண்டும், ஹெல்மெட் இருக்கக் கூடாது. படத்தைச் செயலி பார்த்து, இன்னார்தான் என்று ஒத்துக்கொண்டால் பச்சை விழும். மூன்று முறைதான் எடுக்கலாம்.

பக்தவச்சலம் எதிரே நின்று எடுத்தார். சிவப்பு விழுந்தது.

"கறுப்புக் கண்ணாடியக் கழட்டுங்கக்கா."

கழற்றினாள். வெயில் கண்ணில் பாய்ந்தது. திரும்பவும் சிவப்பு.

"கண்ணு செவந்து கீதுல்ல சார், அதனால இருக்குமோ?"

"கண்ணச் சுருக்காதீங்க. நல்லாத் தெறந்து பாருங்க."

திறந்து பார்த்தாள். நீர் வழிந்து கன்னத்தில் இறங்கியது. மூன்றாவது தடவையும் சிவப்பு விழுந்து, அதற்குக் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது. பக்தவச்சலம் அதைப் படித்துவிட்டு, போனைத் தாழ்த்தினார்.

"ஐடி ஹோல்டுல போயிடுச்சுக்கா."

"ஹோல்டுன்னா?"

"நிறுத்தி வச்சிருக்கு. பார்சல் எடுக்க முடியாது." அவர் கடைசிப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். கண்ணாடியின் வெள்ளை விளிம்பு அவளுடைய இரண்டு கண்ணுக்கும் குறுக்கே, வரைகோல் வைத்துக் கோடு இழுத்ததுபோலப் போயிருந்தது. கோட்டுக்கு மேலே நெற்றி. கீழே மூக்கும் வாயும் பிளாஸ்டிக்கின் வளைவில் நெளிந்து, யாரோ ஒருத்தியின் மூக்கும் வாயுமாக இருந்தன. கண் இருக்க வேண்டிய இடத்தில் கண் இல்லை.

கிறிஸ்டினா திரும்பிப் பையைப் பார்த்தாள். பிறகு குனிந்து பின் சக்கரத்தைப் பார்த்தாள். நேற்று அது தரையிலேயே படவில்லை.

"நடு ஸ்டாண்டுல வச்சி அளவெடுத்துட்டோம் சார்" என்றாள். "லோடு ஏத்தினா வண்டி பின்னாடி குந்தும். நானும் எறங்கிட்டேன், கண்ணாடி மேல ஏறிகிச்சி. ரெண்டு வெரலு சார். ஒரு ஸ்பேனர் குடுங்க, இப்பவே கழட்டிடறேன். இன்னொரு போட்டோ எடுங்க."

"நாலாவது எடுக்க விடாதுக்கா. என் கையில ஒண்ணும் இல்ல. சிஸ்டம்."

"அஞ்சு வருஷமா தெனிக்கும் என் மூஞ்சியப் பாக்கறீங்க. நாந்தான்னு நீங்க சொல்லக் கூடாதா?"

"நீங்கதான்னு எனக்குத் தெரியும். அத எங்க டைப் பண்றதுன்னுதான் தெரியல." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஹோல்டுல இருக்கறதும் லீவு கணக்குலதான் சேருது. சீக்கிரமா அப்பீல் போடுங்க."

பார்சல்களை இறக்கி வேறு இருவருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க வண்டி எழும்பி, விளிம்பு கீழே இறங்கியது.

வீட்டுக்கு வந்து படியிலேயே உட்கார்ந்து அப்பீல் போட்டாள். காரணம் எழுதுவதற்கு இடம் இல்லை. பட்டியலில் இருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். தாடி வளர்ந்துள்ளது. மொட்டை அடித்துள்ளேன். மூக்குக்கண்ணாடி மாற்றியுள்ளேன். உடல் எடை மாறியுள்ளது. நாலையும் இரண்டு தடவை படித்துவிட்டு, கண்ணாடி என்று இருந்ததையே அமுக்கினாள். 'புதிய மூக்குக்கண்ணாடியுடன் படம் அனுப்பவும்' என்று வந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டு ஒரு படம் அனுப்பினாள். ஒரு நிமிஷத்தில் 'தங்கள் கோரிக்கை முடித்து வைக்கப்பட்டது, நன்றி' என்று பதில் வந்தது. ஐடி ஹோல்டிலேயே இருந்தது.

சாயங்காலம் டியூட்டிக்குப் போவதற்கு முன் சின்னப்பன் பையைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி இறங்கினான். உள்ளே தண்ணீர் கேன் இரண்டையும் அம்மிக்குழவியையும் வைத்து, வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, அவளை உட்கார வைத்தான். டேப் ஒட்டிக் கோடு போட்டு, தனியாகவே ரம்பம் இழுத்தான். இரண்டு விரற்கடை அகலத்தில் ஒரு நாடா கழன்று வந்தது. உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்து, விளிம்பின் வெள்ளை போகிற வரைக்கும் தேய்த்தான்.

"ஓட்டிட்டு வா."

பெரும்பாக்கம் ஏரி வரைக்கும் போய்த் திரும்பினாள். விளிம்பு மூக்கு நுனியில் நின்றது. கண்ணுக்கு நேரே ரோடு முழுசாக இருந்தது.

"ஒரு பொட்டு காத்து படலய்யா. அவ்ளோ சூப்பரா கீது."

"நேத்தே பைய எடுத்தாந்திருக்கணும்" என்றான் சின்னப்பன். "கால் வலிச்சிச்சி. குந்திட்டேன்."

"உட்டுத் தொல. நானும்தான ஸ்டாண்ட எடுக்கச் சொல்லல."

செவ்வாய்க்கிழமை காலையில், செல்லியம்மாளின் வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் அவள் பலகையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கிறிஸ்டினா கடிதம் எழுதினாள். பத்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த முறை மறக்கவில்லை. அனுப்புநர், பெறுநர், பொருள் என்று இடம் விட்டு எழுதினாள். பெறுநருக்கு முகவரி தேடியபோதுதான், கம்பெனிக்கு ஒரு இடம் இருப்பதாக இதுவரை அவள் நினைத்ததே இல்லை என்று தெரிந்தது. கடைசியில் கழுத்தில் மாட்டுகிற அடையாள அட்டையின் பின்பக்கத்தில் கிடைத்தது. 'இந்த அட்டை கண்டெடுக்கப்பட்டால் கீழ்க்கண்ட முகவரிக்கு அனுப்பவும்' என்று ஆங்கிலத்தில் போட்டு, ஹரியானாவில் ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடி.

ஐயா, வணக்கம். நான் ஐந்து வருடமாகத் தங்களிடம் பார்சல் எடுத்துச் செல்கிறேன். எனக்குக் கண்ணில் ஆபரேஷன் நடந்தது. காற்றுப் படக்கூடாது என்பதால் வண்டிக்குக் கண்ணாடி மாட்டினோம். லோடு இல்லாமல் அளவெடுத்துவிட்டோம். அதனால் விளிம்பு இரண்டு விரற்கடை ஏறி, போட்டோவில் என் கண்ணை மறைத்துவிட்டது. இது எங்கள் தவறு. இப்போது சரிசெய்துவிட்டோம். என் முகம் மாறவில்லை. தயவுசெய்து இன்னொரு முறை என்னைப் பார்க்கவும்.

"ஹரியானாவுல தமிழ எவன்டி படிப்பான்?" என்றாள் செல்லியம்மாள்.

"ஆஸ்பத்திரி சீட்டு இங்கிலீஷ்ல கீதுக்கா. ஜெராக்ஸ் வைக்கிறேன். அத படிக்கட்டும்."

தபால் ஆபீசில் வரிசை இல்லை. பசை டப்பாவின் ஓரத்தில் காய்ந்திருந்ததைத் தண்ணீர் தொட்டுக் குழைத்து, உறையின் வாயில் தடவி, கட்டைவிரலால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் அழுத்தினாள். கவுண்டரில் இருந்தவர் உறையை எடையில் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டரில் தட்டினார்.

"நாளைக்குப் போயிடுமா சார்? நாளையோட பத்து நாளு முடியுது."

"ஹரியானாம்மா. வெள்ளிக்கிழமை ஆகும், இல்ல சனி." தட்டிக்கொண்டே கேட்டார். "உங்க மொபைல் நம்பர்?"

சொன்னாள்.

"பெறுபவர் நம்பர்?"

"அவங்களுக்கு நம்பர் கெடையாது சார்."

"கம்பெனின்னு போட்டிருக்கீங்க. நம்பர் எப்படி இல்லாமப் போகும்?"

"எல்லாம் ஆப்லதான் சார். யாரும் பேச மாட்டாங்க."

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். சிவந்த கண்ணைப் பார்த்ததும் பார்வையைத் திரைக்குத் திருப்பிக்கொண்டார்.

"பத்து நம்பர் போடாம அடுத்த பக்கம் போக மாட்டேங்குது. ரெண்டு இடத்துலயும் உங்க நம்பரையே போட்டுடவா?"

"போடுங்க சார்."

உறையின் மேல் ஸ்டிக்கரை ஒட்டி, முத்திரையை ஓங்கி ஒரு குத்துக் குத்தி, பின்னால் இருந்த சாக்குக்குள் எறிந்தார். கிறிஸ்டினா வெளியே வந்து வண்டியில் ஏறுவதற்குள் பையில் போன் இரண்டு தடவை அதிர்ந்தது. வெயிலுக்குக் கையை மறைவாக வைத்து, வலது கண்ணால் படித்தாள். அவள் அனுப்பிய தபால் புறப்பட்டுவிட்டது என்று முதல் செய்தி சொன்னது. அவளுக்கு ஒரு தபால் வந்துகொண்டிருக்கிறது என்று இரண்டாவது செய்தி சொன்னது.