இடது கையின் கோடு

கோபம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எட்டு மாதமாக வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். செம்பனை எண்ணெய் ஆலையில் என் கணவர் லூகாஸின் இடது கை மணிக்கட்டோடு போனபோது, "அந்தக் கைய ஆஸ்பத்திரியிலயே அப்புறப்படுத்திட்டாங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டேன். பொய். அந்தக் கையை வாங்கிப்போய் ஜெராம் கல்லறைத் தோட்டத்தில் மாமியாரின் கல்லறைக் காலடியில் புதைத்தவள் நான்தான். ஃபாதரிடம்கூடச் சொல்லவில்லை, ஒரு ஜெபமும் சொல்லவில்லை. தெரிந்தால் மனிதர் உடைந்துபோவார் என்று பயம்.

நான் பொருள்களை வடிவமைப்பவள். பிளாஸ்டிக்கையோ இரும்பையோ தொடுவதற்கு முன்பு, வி.ஆர். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு காற்றிலேயே நிஜ அளவில் வரைந்துவிடுவேன். லூகாஸ் மறுபடி லோரி ஓட்ட ஒரு செயற்கைப் பிடி செய்ய வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் அவருக்கே ஹெட்செட்டை மாட்டி, வரைவதற்கான வலது கைக் கருவியைக் கொடுத்தேன்.

"ஸ்டீயரிங்க எப்படிப் பிடிப்பீங்களோ, அப்படியே வரைங்க."

அவர் வரைவதை மடிக்கணினியில் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கை வரைவது சிவப்பில் வரும், இடது கை வரைவது நீலத்தில். கொஞ்ச நேரத்தில் நீலக் கோடு ஓடத் தொடங்கியது. இடது கைக் கருவியோ பேட்டரி இல்லாமல் மேசையில் கிடந்தது.

"என்னங்க பண்றீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலலா. அதுவா வரையுது."

வட்டமாக ஒரு சுவர். மேலே மூடி. கோடுகள் எல்லாம் உள்பக்கத்திலேயே இருந்தன, இருட்டில் தடவித் தடவி வரைந்த மாதிரி. லூகாஸ் குனிந்து அதற்குள் தலையை விட்டார்.

"ஃப்ளோரா, இது நம்ம பிஸ்கட் டின்தானே? இந்த நெளிசல் நான் கீழ போட்டதுலா. கிறிஸ்மஸுக்கு முறுக்கு போட்டு வைக்கத் தேடினோமே?"

இனி எதை மறைப்பது?

"அதுலதாங்க உங்க கைய வச்சுப் புதைச்சேன். உங்கம்மா காலடியில. நீங்க தாங்க மாட்டீங்கன்னு..." அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது.

ஹெட்செட்டைக் கழற்றினார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"தனியாவா போன?"

"ஆமா."

"வா, போலாம். ஜெபம் சொல்லணும்ல."

வெயிலில் கார் வரைக்கும் நடந்தோம். பழக்கத்தில் அவர் என் வலப்பக்கம் வந்தார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான், இடது கையால் என் கையைப் பிடித்துக்கொள்வார். மடித்துவிட்ட சட்டைக்கை என்மேல் உரசியது. அதற்குக் கீழே ஐந்து விரல்கள் என் விரல்களுக்குள் நுழைந்தன. ஈரமாக, மண் ஒட்டி.

நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.