இரண்டாவது சாரி

மார்னி ஹலாஸுக்கு ஒரு வியாதி உண்டு. சாரி சொல்வாள். அந்த ஊரில் எல்லாருக்கும் உள்ள வியாதிதான்; கதவைத் திறந்து பிடித்தாலும் சாரி, பிடிக்காவிட்டாலும் சாரி. இவளுக்கு அது முற்றிப்போயிருந்தது. நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் சொல்வாள். யாராவது காலை மிதித்துவிட்டால், மிதிபட்ட இவள்தான் முந்திக்கொள்வாள். அது வார்த்தையே இல்லை, தும்மல். வந்தால் வந்ததுதான், அடக்க முடியாது.

அந்தத் தும்மல்தான் அவளைப் பல்கலைக்கழக அணிக்கு வெளியே தள்ளியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கர்லிங் அணிக்கு ஆள் எடுத்தபோது இவளும் போய் நின்றாள். கர்லிங் என்றால் கனமான கல்லைப் பனித்தளத்தில் வழுக்கி விட்டு, எதிர்க்கோடி வட்டத்தின் நடுப்புள்ளிக்குக் கிட்டே நிறுத்துகிற ஆட்டம்; கல் இன்னும் தூரம் போவதற்காக அதன் முன்னால் துடைப்பத்தால் பனியைப் பெருக்குவார்கள். கல்லை நன்றாகத்தான் விட்டாள், மற்றவர்கள் விட்ட கல்லுக்கு முன்னால் ஓடிக்கொண்டே பனியை நன்றாகத்தான் பெருக்கினாள். பயிற்சியாளர் கார்த் ஸ்விட்ஸர் கடைசிவரை பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"தோள் வலு இருக்கு உனக்கு. கண்ணும் நல்லாயிருக்கு. ஆனா எதிராளி கல்லு நல்லா விழுந்தா 'பிரமாதம்'ங்கற, உன் கல்லு நல்லா விழுந்தா 'சாரி'ங்கற. இது என்ன ஆட்டமா, எழவு வீடா?"

"சாரி" என்றாள் மார்னி.

அதோடு முடிந்தது. அவள் கிளப் அணியில் போய்ச் சேர்ந்தாள்.

பல்கலைக்கழக அணிக்கும் கிளப் அணிக்கும் உள்ள வித்தியாசம் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. அவர்களுக்குப் பச்சை ஜாக்கெட், பேருந்து, ஹோட்டல் அறை, முட்டி வலித்தால் நீவிவிட ஓர் ஆள். இவர்களுக்கு அவரவர் கார், அவரவர் சாப்பாடு, மற்றவர்கள் வேண்டாம் என்று கழித்துவிட்ட நேரத்தில் பனித்தளம். இரண்டுக்கும் ஒரே பல்கலைக்கழகத்தின் பெயர்தான். பெயர் வைக்கச் செலவில்லை அல்லவா.

கிளப் அணியில் நாலு பேர். ரோஸ்லின் லவலே தலைவி. அளந்து பேசுவாள், கடைசிக் கல்லை அவள்தான் விடுவாள். ஷெல்பி அப்போது வட்டத்தில் நின்று குறி காட்டுவாள். பெருக்குவது மார்னியும் கென்ட்ரா டூயெக்கும்.

கென்ட்ரா மாட்டுப் பண்ணைக்காரர் மகள். ஊருக்கே உள்ள வியாதி அவளை மட்டும் அண்டவில்லை. அவள் வாயிலிருந்து சாரி என்ற சொல் வந்து யாரும் கேட்டதில்லை. ஒரு தடவை ரோஸ்லினின் காரைப் பின்னால் எடுக்கும்போது விளக்குக் கம்பத்தில் கொண்டுபோய் மோதினாள். இறங்கிப் பார்த்துவிட்டு, "கம்பத்தை எவன் இங்க நட்டான்?" என்றாள். அவ்வளவுதான் அவளிடம் கிடைக்கும்.

மேற்கு மண்டலப் போட்டிக்கு ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரே அணிதான் போகலாம். எந்த நாலு பேர் என்பதை ஜனவரியில் பனியில் இறங்கித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்பது அங்கே பழைய வழக்கம். கிளப்காரர்கள் வருஷாவருஷம் சவால் விடுவார்கள், வருஷாவருஷம் தோற்பார்கள். ஒரு தடவை ஜெயித்திருந்தால் அந்த வழக்கத்தையே மேலிடம் ரத்து செய்திருக்கும்.

மார்னிக்கு இதுதான் கடைசி வருஷம். படிப்பு முடிந்தால் பண்ணை, அப்புறம் கடுகும் டிராக்டரும்தான். தனக்கு மட்டும் ஒரு பச்சை ஜாக்கெட் கிடைப்பதில் அவளுக்கு ருசி இல்லை. நாலு ஜாக்கெட் வேண்டும். நாலு பேரும் கார்த்துக்கு எதிரே உட்கார்ந்து ஒரே நேரத்தில் ஜிப்பை மேலே இழுக்க வேண்டும். இரண்டு வருஷமாக அவள் தூங்கப் போகுமுன் நினைத்துப் பார்க்கிற காட்சி அதுதான்.

ஆட்டத்தன்று அவளுடைய அப்பா ஓரெஸ்ட் பண்ணையிலிருந்து வந்திருந்தார். வெளியே எச்சில் துப்பினால் தரைக்கு வருமுன் உறையும் குளிர். டிரக்கின் இன்ஜின் உறையாமலிருக்க அதன் வயரைக் கரண்ட் பிளக்கில் மாட்டிவிட்டு உள்ளே வந்தவர், கேன்டீனில் ஒரு தட்டு பெரோகி, உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை, வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"பல்கலைக்கழகத்துக்காரன் கை குடுத்தா, குடுத்து முடிச்சதும் விரலை எண்ணிப் பாத்துக்க" என்றார்.

"நானும் பல்கலைக்கழகம்தாம்பா."

"அதான் சொல்றேன்."

"சாரிப்பா. நேரமாச்சு."

"எதுக்கு சாரி? போ. போய் ஜெயி."

ஆட்டம் அமைதியாகத்தான் நடந்தது. கர்லிங்கில் கத்தல் உண்டு, சண்டை கிடையாது. பெருக்கு பெருக்கு என்று தொண்டை கிழியக் கத்துவார்கள், கல் நின்றதும் பூனைபோல ஆகிவிடுவார்கள். பல்கலைக்கழக அணியின் தலைவி பிரின் மெக்கிட்ரிக் நெட்டையாக இருப்பாள், அவசரப்படமாட்டாள், நல்ல கை. அவள் இரண்டு பாயிண்ட் எடுத்தால் ரோஸ்லினும் இரண்டு எடுத்தாள். பனித்தளத்தைப் பார்த்த கேன்டீன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் முதலில் பீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதிக்குமேல் பனியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். கடைசிச் சுற்றுக்கு வரும்போது சமநிலை.

கடைசிக் கல் ரோஸ்லினுடையது. வட்டத்துக்குள் பிரின் அணியின் கல் ஒன்று நடுப்புள்ளிக்கு முழங்கை தூரத்தில் உட்கார்ந்திருந்தது. ரோஸ்லினின் கல் அதைவிடக் கிட்டே போய் நின்றால் தீர்ந்தது விஷயம்.

ரோஸ்லின் குனிந்தாள், சறுக்கினாள், கல்லை விட்டாள். கை நல்ல கை, வேகம்தான் கொஞ்சம் குறைச்சல்.

"பெருக்குங்கடி!" என்று பின்னாலிருந்து அலறினாள். அளந்து பேசுகிறவள் அலறினால் அதில் அர்த்தம் இருக்கும்.

மார்னியும் கென்ட்ராவும் துடைப்பத்தில் உடம்பையே சாய்த்துப் பெருக்கினார்கள். கல் இருவருக்கும் நடுவே முனகிக்கொண்டு வந்தது. வட்டத்தின் விளிம்பைத் தொடுகிற இடத்தில் மார்னியின் காலணி வழுக்கிக் கென்ட்ராவின் காலில் இடித்தது.

"சாரி!" என்று தும்மினாள் மார்னி.

"சாரி" என்று இன்னொரு குரல், அடங்கினாற்போல.

கல் போனது. போய், பிரினின் கல்லைத் தாண்டி, நடுப்புள்ளிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் ஓரெஸ்ட் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கியது தெரிந்தது. ஷெல்பி குதித்தாள். ரோஸ்லின் அந்தக் கோடியிலிருந்து சறுக்கிக்கொண்டு வந்தாள்.

பிரின் மட்டும் கல்லைப் பார்க்கவில்லை. மார்னியைப் பார்த்தாள்.

"சாரின்னு கேட்டுச்சே. கல் எரிஞ்சிடுச்சா?"

ஓடுகிற கல்லில் துடைப்பம் பட்டால் அதை எரிந்த கல் என்பார்கள், அது கணக்கில் சேராது. பட்டதா இல்லையா என்று பார்க்க அங்கே நடுவரும் இல்லை, கேமராவும் இல்லை. தொட்டவளே வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அவள் சொல்லாவிட்டால் எரிந்ததே இல்லை. வேறு யாரும் கைநீட்டிக் குற்றம் சொல்லக் கூடாது. உலகத்தில் வேறு எந்தக் காரியத்தையாவது இப்படி நடத்தினால் ஒரே வாரத்தில் ஊர் நாறிப்போகும். இந்த ஒன்றில் மட்டும் எப்படியோ ஓடிக்கொண்டிருக்கிறது.

"நான் தொடல" என்றாள் மார்னி. "கால் இடிச்சிடுச்சு. அதுக்குத்தான் சொன்னேன்."

உண்மைதான். அவள் துடைப்பம் கல்லுக்கு அரையடி முன்னால் இருந்தது.

பிரின் தலையை ஆட்டினாள். "சரி. நீ சொன்னா போதும்." கையுறையைக் கழற்றிக் கையை நீட்டினாள். "நல்ல ஆட்டம் மார்னி."

நாலு ஜாக்கெட்டும் அந்தக் கைக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தன. மார்னியும் கையுறையைப் பாதி உருவிவிட்டாள். அப்போதுதான் அந்த இன்னொரு குரல் காதில் மறுபடி ஒலித்தது.

கென்ட்ரா.

இரண்டு வருஷப் பழக்கம். கம்பத்தில் காரை மோதியபோதுகூடச் சொல்லாதவள். கால் இடிபட்டதற்கா சொல்லப்போகிறாள்? இடித்தது மார்னி, கென்ட்ராவாக இருந்தால் "கண்ணு எங்கடி?" என்று கேட்டிருப்பாள். அவள் சாரி சொன்னாள் என்றால் அது தும்மல் இல்லை.

திரும்பிப் பார்த்தாள். கென்ட்ரா குனிந்து, துடைப்பத்தின் அடியில் ஏதோ ஒட்டியிருப்பதுபோல நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அங்கே ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

மார்னி சும்மா இருந்திருக்கலாம். பொய் சொல்லவே வேண்டாம். கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லியாகிவிட்டது. அடுத்தவள் துடைப்பத்துக்கு அடுத்தவள்தான் பொறுப்பு, விதியும் அதைத்தான் சொல்கிறது. நீட்டிய கையைப் பிடித்துக் குலுக்கினால் போதும். அப்பா சொன்னதுபோல விரலையும் எண்ணிக்கொள்ளலாம், குறைந்திருக்காது.

பிரினின் கை நீண்டபடியே இருந்தது.

"கென்ட்ரா" என்றாள் மார்னி. "என் சாரி உன் காலுக்கு. உன் சாரி யாருக்குடி?"

கென்ட்ரா நிமிரவில்லை. "இதை இப்ப கேக்கணுமா?"

"கேட்டுட்டேன்."

"உனக்குக் காது ரொம்பத்தான் கூர்மை."

"யாருக்குடி?"

கென்ட்ரா சுரண்டுவதை நிறுத்தினாள். "கல்லுக்கு" என்றாள். "முடி அளவு. பட்டுச்சு, அவ்ளோதான்."

அதற்குள் ரோஸ்லின் வந்து சேர்ந்துவிட்டாள். முகத்தில் இருந்த சிரிப்பு இன்னும் இறங்கவில்லை. மூன்று பேர் முகத்தையும் பார்த்த பிறகு இறங்கியது. என்ன என்று கேட்கவில்லை. கேட்காமலே புரிகிற ஆட்டம்தான் அது.

"எடுக்கறதும் விடறதும் உன் இஷ்டம், பிரின்" என்றாள்.

வட்டத்துக்குக் கிட்டே எரிந்த கல் என்றால் விதி அப்படித்தான். எதிரணித் தலைவி பெரிய மனசு பண்ணினால் இருந்த இடத்திலேயே விட்டுவிடலாம். பிரின் மண்டியிட்டு அந்தக் கல்லைப் பார்த்தாள். அது வந்த வழியைப் பார்த்தாள். முடி அளவு பட்டதால் கல் தள்ளிப் போயிருக்குமா, அப்படியே வந்திருக்குமா என்று கடவுளுக்குத்தான் தெரியும். அவரும் கர்லிங் பார்ப்பதில்லை. கார்த் பனித்தளத்து ஓரப் பலகைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பிரின் எழுந்து, காலால் கல்லைத் தள்ளி ஓரம் கட்டினாள். நடுவில் மிஞ்சியது அவள் அணியின் கல், ஆட்டமும் அவர்களுக்குத்தான்.

அதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் யாராயிருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். நான் விட்டுக்கொடுத்திருப்பேன் என்று சொல்கிறவனிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிடக் கூடாது.

ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்குக் குடிக்க வாங்கித் தர வேண்டும், எல்லாரும் ஒரே மேஜையில் கலந்து உட்கார வேண்டும். இதுவும் வழக்கம்தான். மார்னிக்கு ஒரு பக்கம் பிரின், எதிரே கென்ட்ரா. ரோஸ்லின் பீர் ஜக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஷெல்பி கொஞ்சம் அழுதுவிட்டு வந்திருந்தாள். வெங்காயம் என்றாள், அங்கே வெங்காயம் இல்லை.

ஓரெஸ்ட் தட்டும் கையுமாக வந்து நின்றார். கண்ணாடிக்குப் பின்னால் அவருக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்கவில்லை.

"என்ன, ஏமாத்திட்டானுங்களா?" என்று கேட்டார். அதே மேஜையில் கார்த் இருப்பதை அவர் பொருட்படுத்தவில்லை.

"இல்லப்பா. கல் எரிஞ்சிடுச்சு."

"யார் எரிச்சது?"

"நான்தான்" என்றாள் கென்ட்ரா.

ஓரெஸ்ட் அவள் பக்கம் திரும்பினார். "யார் சொன்னது?"

"அதுவும் நான்தான். இவ வாயைக் கிண்டுனா, சொன்னேன்."

"ம்" என்றார். மிச்சமிருந்த பெரோகியை அவள் முன்னால் தள்ளி வைத்தார். "தின்னு. ஆறிப்போச்சு." போய் டிரக்கைச் சூடுபண்ணுகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

கார்த் தொண்டையைக் கனைத்தார். மண்டலப் போட்டிக்கு ஐந்தாவதாக ஓர் ஆளைக் கூட்டிப்போகலாம். யாருக்காவது கை, கால் பிசகினால் இறங்க. பிசகாவிட்டால் தண்ணீர் பாட்டிலைத் தூக்க.

"பிரின் உன்னைக் கேக்கறா" என்றார் மார்னியிடம். "எனக்கும் சம்மதம். உன் சைஸுல ஒரு ஜாக்கெட் கெடக்குது."

"வர்றியா?" என்றாள் பிரின். "நெசமாத்தான் கேக்கறேன்."

பச்சை ஜாக்கெட் பிரினின் நாற்காலி முதுகில் தொங்கியது. நல்ல துணி. உள்ளே கம்பளி வைத்துத் தைத்தது. ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய்.

"சாரி" என்றாள் மார்னி.

"எந்த சாரி?" என்று பிரின் கேட்டாள். "தும்மலா, நெசமா?"

மேஜையே சிரித்தது. ரோஸ்லின்கூட. கென்ட்ரா எல்லாரிடமும் அந்தத் தும்மல் கதையைச் சொல்லியிருக்கிறாள் என்று மார்னிக்கு அப்போதுதான் தெரிந்தது. காது சிவந்தது. ஆனால் யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"வரல" என்றாள். வெறுமனே அவ்வளவுதான். முன்னாலும் பின்னாலும் ஒன்றும் ஒட்டவில்லை.

கார்த் புருவத்தைத் தூக்கினார்.

"பைத்தியமாடி உனக்கு?" என்றாள் கென்ட்ரா. "போயேன். ரெண்டு வருஷமா அந்த ஜாக்கெட்டைத்தான பாத்துக்கிட்டிருக்க?"

"நாலு பாத்துக்கிட்டிருந்தேன். ஒண்ணு இல்ல. அந்த வாரம் நமக்கு லீக் ஆட்டம் இருக்கு."

"மூணு பேரா ஆடுவோம். விதி இருக்கு."

"விதி இருக்கு. நீ பெருக்கற லட்சணத்துக்குத் தனியா விட்டா, இருக்கற கல்லை எல்லாம் எரிச்சு வச்சிருப்ப."

கென்ட்ராவிடம் அப்படிப் பேசி யாரும் பார்த்ததில்லை. மார்னி எவரிடமும் அப்படிப் பேசி யாருமே பார்த்ததில்லை.

கென்ட்ரா எட்டி ஜக்கை எடுத்து மார்னியின் கிளாஸில் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள். நுரை விளிம்பைத் தாண்டி வழிந்து மேஜையில் ஓடி, பிரினின் மடியில் சொட்டியது.

யாரும் சாரி சொல்லவில்லை.