வேலைக்குப் போன அப்பா

பதினொன்றாம் வகுப்பில் தமிழ் டீச்சர் எங்களுக்கு ஒரு சிறுகதை வாசித்துக் காட்டினார். அதில் வரும் மனிதர் தினமும் வீட்டுக்கு ஒரு நிறுத்தம் முன்பே பஸ்ஸிலிருந்து இறங்கி, தெருத்தெருவாகச் சுற்றிவிட்டு, பொழுது சாய்ந்த பிறகுதான் வீட்டுக்குப் போவார்.

"ஏன் இப்படிப் பண்றாரு?" என்று டீச்சர் கேட்டார்.

"தொப்பையைக் குறைக்கத்தான் டீச்சர்!" என்றான் கடைசி பெஞ்சில் ஒருவன். வகுப்பே சிரித்தது.

என் பக்கத்தில் இருந்தவள் மட்டும் சிரிக்கவில்லை. ஓயாமல் பேசுவதால் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. அவள் எழுந்து நின்றாள்.

"வேலை போயிருக்கும் டீச்சர். வீட்ல சொல்ல வாய் வரல. எங்கப்பாவும் அப்படித்தான். ரெண்டு மாசமா டிபன் பாக்ஸோட லைப்ரரில போய் உட்கார்ந்திருக்காரு. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது."

டீச்சர் புத்தகத்தை மூடி வைத்தார்.

பள்ளி விட்டதும் ரேடியோ என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கூட வர்றியாடி? தனியாப் போக பயமா இருக்கு."

நூலகத்தில் அவள் அப்பா ஜன்னலோரம் செய்தித்தாளை விரித்து வைத்திருந்தார். எங்களைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது.

"வாங்கப்பா, வீட்டுக்குப் போலாம். அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவர் மகளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "வேணாம்மா. நானே சொல்றேன்," என்றார்.

முப்பது வருடமாகிறது. அந்தக் கதையின் பெயர்கூட எனக்கு மறந்துவிட்டது. அவர் செய்தித்தாளை ஒழுங்காக மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு எங்களோடு நடந்து வந்தது மட்டும் நேற்று நடந்ததுபோல் இருக்கிறது.