வெட்டிய இலவமரத்தின் நிழல்

யாகு ஆற்றங்கரையில் டியோக்ளேசியு வெட்டிச் சாய்த்த இலவமரம் மூன்றே நாளில் துண்டுதுண்டாகி லாரியேறிப் போய்விட்டது. அதன் நிழல் மட்டும் போகவில்லை. காலையில் மேற்கே நீண்டு, உச்சிப்பொழுதில் சுருங்கி, மாலையில் ஆற்றைத் தொட்டு, வழக்கமான இடத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. பண்ணைக்காரர் வால்டேமிரு வந்து பார்த்து, மாடுகளுக்கு நல்லதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மரத்தடியில்தான் டியோக்ளேசியுவின் மகள் ஜசிராவைப் புதைத்திருந்தார்கள். பதினொரு மாதக் குழந்தையாகவே காய்ச்சலில் போனவள். அன்று அவன் காட்டுக்குள் ரப்பர் பால் இறக்கிக்கொண்டிருந்தான். சேதி சொல்ல அவன் மனைவி ஸுல்மிரா இலவத்தின் அடியில் பலகைபோல் எழுந்து நின்ற வேரைக் கட்டையால் அடித்தாள்; அந்த ஓசையைக் கேட்டுத்தான் ஓடிவந்தான். பிறகு ரப்பரைக் கேட்பாரில்லை, காடு கைமாறியது, அவன் பண்ணைக்காரரிடம் கூலிக்கு ரம்பம் பிடித்தான். இரண்டு கோடையில் கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளியாயிற்று. மிஞ்சி நின்றது அந்த இலவம் ஒன்றுதான்.

"அத மட்டும் விட்டுடுய்யா. புள்ள படுத்திருக்கா" என்றாள் ஸுல்மிரா.

"மண்ணுலதானடி படுத்திருக்கா? மண்ணையா வெட்டப்போறேன்? போய் வேலையப் பாரு. பண்ணைக்காரர் கேக்குறாரு."

பண்ணைக்காரர் கேட்கவே இல்லை. ஒன்றை விட்டுவைத்தால் வேலை அரைகுறையாகத் தெரியுமே என்று டியோக்ளேசியு தானாகத்தான் வெட்டினான்.

லாரி போன மறுநாள் ஸுல்மிரா தன் தூளிப்படுக்கையைச் சுருட்டிக்கொண்டு நிழலுக்குப் போனாள். கட்ட மரமில்லை. இரண்டு முனையையும் வெறுங்காற்றில் முடிச்சுப் போட்டாள், முடிச்சு நின்றது. ஏறிப் படுத்துக்கொண்டாள். துணி துவைக்க வந்த தெர்சீனா பார்த்துவிட்டு, "கயிறு நல்ல கயிறா இருக்கே, எந்தக் கடைல வாங்குன?" என்று கேட்டாள்.

டியோக்ளேசியு தினமும் மரவள்ளி மாவும் சுட்ட மீனும் கொண்டுபோனான். அந்த நிழல் ஊரில் எல்லாருக்கும், மாட்டுக்கும் நாய்க்கும்கூடக் குளிர்ச்சி தந்தது. அவன் மேல் மட்டும் விழவில்லை. நடுநிழலில் நின்றாலும் பிடரியில் வெயில் சுட்டது. தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டு, அவள் தின்று முடிக்கும்வரை வியர்வை வழிய நிற்பான். அவள் தட்டைத் திருப்பிக் கொடுப்பாள், பேசமாட்டாள். இப்படியே ஒன்பது வருஷம் போனது. வால்டேமிரு நிலத்தை விற்றார், வாங்கியவரும் விற்றார். அவன் தோல் செங்கல் நிறமாயிற்று, பார்வை மங்கிற்று.

பத்தாம் வருஷக் கோடையில் ஒரு நாள், தட்டை நீட்டியபடியே அவன் பேச்செடுத்தான்.

"பண்ணைக்காரரு கேக்கல, ஸுல்மிரா. நானாத்தான் வெட்டினேன்."

"தெரியும். மரம் விழுந்த அன்னிக்கே அவரு வந்து சொல்லிட்டாரு, நான் கேக்கலையேம்மான்னு."

"அப்புறம் ஏன்டி ஒரு வார்த்த கேக்கல?"

"நீ சொல்லுவேன்னுதான்யா இருந்தேன். இவ்வளவு நாளாக்குவன்னு நெனைக்கல."

மீனில் பாதியைப் பிய்த்து அவனிடம் கொடுத்தாள். அவன் நின்றுகொண்டே தின்றான். அப்போதும் வெயில் சுட்டது.

மறுநாள் அவள் படகேறிப் பட்டணத்துக்குப் போய் ஒரு கறுப்புக் குடை வாங்கி வந்தாள். அதன்பிறகு அந்தப் பெரிய நிழலுக்குள் தூளியில் அவளும், கீழே ஒரு முக்காலியில் குடையைப் பிடித்துக்கொண்டு அவனும் இருந்தார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி அவர்களிடம் வழி கேட்டுக்கொண்டு போனார்கள்.